அடுப்பு மூட்டாத சவுனா

என் தம்பி தைஸ்டோவைப் பற்றி ஊரில் யாரிடம் கேட்டாலும், "நல்ல மனுஷன், வாயே திறக்க மாட்டான்" என்பார்கள். எங்கள் ஊரில் அந்த இரண்டாவது பாதியும் பாராட்டுதான். மிச்சிகனின் வடகோடியில், பெரிய ஏரி வளைத்துக் கிடக்கும் இந்த நிலத்துக்குப் பின்லாந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் வம்சம் நாங்கள். தேவையில்லாமல் பேசுகிறவனுக்கு இங்கே பெண் கொடுக்க யோசிப்பார்கள். தேவைக்குப் பேசுகிறவனைக்கூடக் கொஞ்சம் வாயாடி என்றுதான் சொல்வார்கள். நான் இர்யா கங்காஸ், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான் எப்படியோ வாயோடு பிறந்து தொலைத்தேன். அதற்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

தைஸ்டோ மாவட்ட நிர்வாகத்தின் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். விடிவதற்கு முன்னால் போனால் மதியம் திரும்புவான். வழியில் தனியாக இருக்கும் கிழங்களின் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டு, அவர்கள் ஜன்னல் திரையை விலக்கிக் கை காட்டுவதற்குள் போய்விடுவான். நன்றி சொன்னால் பதில் சொல்ல வேண்டுமே, அந்தப் பயம்.

காரினாவை அவன் கட்டிக்கொண்ட கதை இன்னும் அழகு. அவள் முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். அவளுடைய ஓட்டைக் கார் குளிரில் கிளம்பாது. இவன் தினம் போய்க் கிளப்பிக் கொடுப்பான். இப்படியே மூன்று குளிர்காலம் ஓடியது. கடைசியில் அவளே பொறுக்க மாட்டாமல், "இந்தா பாரு, காரைக் கிளப்பத்தான் வர்றியா, இல்ல வேற ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டாளாம். "சொல்லணும்" என்றானாம். அதோடு சரி. மிச்சத்தை அவளே சொல்லிக்கொண்டு, அவளே சம்மதமும் சொல்லிக்கொண்டாள்.

இவர்களுக்குச் சைமா பிறந்தாள். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளுக்கு வைக்கும் காதுச் சோதனையில் அவள் தேறவில்லை. "உள்ள தண்ணி நின்னிருக்கும், திரும்ப ஒரு தடவை கொண்டாங்க" என்றாள் நர்ஸ். பனிப்புயல் ஒன்று போய் ஒன்று வந்தது, அந்த 'திரும்ப ஒரு தடவை' தள்ளிக்கொண்டே போனது. குழந்தையும் அப்படி ஒரு சமர்த்து. கதவை அறைந்தால் திடுக்கிட மாட்டாள். நாய் குரைத்தாலும் அசையாமல் தூங்குவாள். வந்த சொந்தக்காரர்கள் எல்லாம், "அசல் கங்காஸ் வீட்டுப் பிள்ளை! என்ன அமைதி!" என்று மெச்சினார்கள். தைஸ்டோவுக்குக் காது வரைக்கும் சிரிப்பு. காது கேளாத பிள்ளையை நல்ல பிள்ளை என்று இரண்டு வருஷம் கொண்டாடிய ஊர் இந்த உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

பிறகு தெரிந்தது. ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிப் போகும் பெரிய நகரத்தில் ஆபரேஷன் செய்து, காதுக்குள் காக்ளியர் கருவி வைத்தார்கள். வெளிப்பக்கம் காதுமேல் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு வயர், மண்டையில் காந்தமாக ஒட்டிக்கொள்ளும் ஒரு வில்லை. வீட்டில் அதற்கு 'காது' என்றே பேர்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் விளக்கினார். "நரம்பு நல்லா இருக்கு. உள்காது அமைப்பு நல்லா இருக்கு. நீங்க வந்ததுதான் கொஞ்சம் லேட். ஆனா ஒண்ணு, கருவி சத்தத்தைத்தான் குடுக்கும். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் இருக்குன்னு வீடுதான் கத்துக்குடுக்கணும். முழிச்சிருக்கிற நேரமெல்லாம் போட்டு விடுங்க. பேசுங்க. பேசிக்கிட்டே இருங்க."

தைஸ்டோ தலையாட்டினான். முதல் பாதியை அவன் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான். வில்லை நழுவாமல் இருக்கத் தலைப்பட்டை, சட்டையில் கிளிப், பையில் எப்போதும் மாற்று பேட்டரி. சைமா கண் விழித்ததும் காது ஏறிவிடும், தூங்கும்போதுதான் இறங்கும். இரண்டாவது பாதியை, டாக்டர்கள் வழக்கமாகச் சொல்கிற உபசார வார்த்தை என்று எடுத்துக்கொண்டான் போல.

ஒன்றரை வருஷம் கழித்து, நவம்பரில் மறுபடி சோதனை. மேளம் தட்டினால் திரும்பினாள். விசில் ஊதினால் திரும்பினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் திரும்பினாள், ஆனால் விசிலுக்குத் திரும்பிய அதே முகத்தோடு. ஒரு வார்த்தை புரியவில்லை. ஒரு வார்த்தை வரவில்லை. நாலு வயசு முடிந்துவிட்டது.

டாக்டரம்மா கையைப் பிசைந்தார். "கருவி நாள் முழுக்க ஓடியிருக்கு, அதுல குறையே இல்ல. ஆனா இந்த வயசுல மூளைக்குள்ள ஒரு கதவு மெல்ல மெல்லச் சாத்திக்கிட்டே வரும். ஜூன்ல பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா, பேச்சு வரும்னு நாம நம்பி உக்காந்திருக்க முடியாது."

நானும் கூடப் போயிருந்தேன்; திரும்பி வரும்போது வண்டியில் காரினாதான் பேசினாள். "கைமொழி கத்துக்கலாம்னா நான் இன்னிக்கே கத்துக்கிறேன் அண்ணி. அதுவும் நல்ல மொழிதான். ஆனா அதைப் பேசவும் ஆளு வேணுமே. இந்த வீட்டுல கையும் அசையாதே!" என்று சொல்லிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தைஸ்டோ ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு அவன் கருவியைத்தான் சந்தேகப்பட்டான். வயரை மாற்றினான். வெளிப்பெட்டியையே மாற்றித் தரச் சொல்லி வாங்கினான். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் ஷெட்டில் என்னைப் பார்த்து, "ஏதாச்சும் உடைஞ்சிருந்தா நல்லாயிருக்கும்க்கா. சரி பண்ணிடுவேன்" என்றான். என் தம்பி என்னிடம் அந்த மாதம் பேசிய மொத்தப் பேச்சும் அதுதான்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, சைமாவின் பேச்சுப் பயிற்சி டீச்சர் ரெனே வீட்டுக்கே வந்தார். பக்கத்து ஊர்க்காரர், பிரெஞ்சு வம்சம், கையும் வாயும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. "நான் இங்க இல்லன்னு நெனச்சுக்குங்க. வழக்கம் போல இருங்க" என்று சமையலறை மூலையில் உட்கார்ந்தார். நாங்களும் வழக்கம் போல இருந்தோம். தைஸ்டோ காப்பி ஊற்றினான். ஏலக்காய் ரொட்டியை வெட்டினான். சைமாவுக்கு ஒரு துண்டு கொடுத்தான். அவள் வாயைப் பிளந்து காட்டியதும் இன்னொரு துண்டு கொடுத்தான். அவளுக்கு ஸ்வெட்டர் மாட்டினான், கழற்றினான், ஷூ லேஸ் கட்டினான். பாசத்துக்குக் குறைவே இல்லை. சத்தம்தான் இல்லை. கடிகாரமும் ஃப்ரிட்ஜும் பேசியதுதான் பேச்சு.

"சாயங்காலம் வரைக்கும் இப்படித்தானா?" என்று ரெனே என் காதில் கேட்டார்.

"இன்னிக்கு ஆள் வந்திருக்கீங்கன்னு கொஞ்சம் கலகலப்பா இருக்கான்" என்றேன்.

காரினா இரண்டு வேலை பார்த்து ஓய்ந்து வருகிறவள். மதியம் முதல் ராத்திரி வரை சைமா அப்பாவின் பொறுப்பு. அதுதான் எங்கள் தலையெழுத்து.

சனிக்கிழமை சாயங்காலம் என்றால் சவுனா. கொல்லையில் மரத்தால் கட்டிய சின்ன நீராவி அறை, எல்லா வீட்டிலும் உண்டு. தைஸ்டோ விறகு வைத்துக் கல்லைச் சூடேற்றினான். காரினா, சைமாவின் காதைக் கழற்றி உலர்பெட்டியில் வைத்து மூடினாள். சூடும் ஈரமும் பட்டால் அது வீணாகிவிடும். மூன்று பேரும் உள்ளே போனார்கள். நானும் ரெனேவும் வெளியறை பெஞ்சில் காப்பியோடு உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல். பனியில் வழிமறித்து நின்ற ஒரு மூஸ் மானிடம், 'ஐயா, இது அரசாங்க வண்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்று கெஞ்சிய கதை. மானின் குரலில் பதிலும் சொல்கிறான் போல, காரினா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பிறகு அவளுடைய மேலாளரைப் பற்றிய வம்பு, பிறகு எங்கள் அப்பாவைப் பற்றி ஒரு நினைவு, பிறகு மறுபடி சிரிப்பு.

ரெனே கோப்பையைக் கீழே வைத்தார். "உள்ள யாரு? விருந்தாளி யாராச்சும் வந்திருக்காங்களா?"

"என் தம்பிதான்."

"அவருக்குப் பேச வருமா?"

"சவுனாவுல வரும்" என்றேன். எனக்கு அது சாதாரணம். எங்கள் ஊர் ஆண்கள் எல்லோருமே அப்படித்தான். இருட்டு, சூடு, ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. கல்யாணப் பேச்சானாலும் சாவுச் செய்தியானாலும் கேலியானாலும் அங்கேதான் வெளியே வரும். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்து அங்கேதான் கொட்டுவார்கள்.

ரெனே ஜன்னல் ஓரம் இருந்த உலர்பெட்டியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். திரும்பப் பெட்டியைப் பார்த்தார். அப்புறம் எழுந்து போய்க் கதவை முஷ்டியால் குத்த ஆரம்பித்தார்.

"தைஸ்டோ! வெளிய வாங்க!"

உள்ளே பேச்சு நின்றது. "துணி இல்ல."

"துண்டைச் சுத்திக்கிட்டு வாங்க!"

ஆவி பறக்க, வெந்த இறால் போலச் சிவந்து வந்து நின்றான். ரெனேவுக்குக் கோபத்தில் குரல் உடைந்தது. "இந்த வீட்டுல இருக்கிற மொத்தப் பேச்சும் இந்தக் கதவுக்குப் பின்னாலதான் நடக்குது. அங்க போறப்ப மட்டும் குழந்தையோட காதைக் கழட்டி வச்சுட்டுப் போறீங்க!"

"போட்டா கெட்டுப்போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றான் மெல்ல.

"ஆமா. நான்தான் சொன்னேன்." ரெனே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து சைமா எட்டிப் பார்த்தாள். எங்கள் எல்லோருடைய வாயும் அசைவதை மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து தைஸ்டோ சமையலறையில் பேச முயன்றான். ஐயோ, அந்தக் கண்றாவியைப் பார்க்கணுமே! நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, "இது... கரண்டி" என்பான். நெற்றியில் வியர்வை. ஒரு நிமிஷம் போகும். "இது இன்னொரு கரண்டி."

"கோர்ட்டுல சாட்சி சொல்ற மாதிரி சொல்றியேடா! அதுகிட்ட கொஞ்சுடா!" என்று நான் கத்தினேன்.

"வரலக்கா. தொண்டை வரைக்கும் வருது. மேல வரல." கண் கலங்கிவிட்டான். "எனக்கும் ஏதாச்சும் ஆபரேஷன் பண்ணி வைக்கச் சொல்லேன்." அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஒருநாள் மதியம் நான் போனபோது சமையலறை காலியாக இருந்தது. அடுப்பில் பால் ஆறிக் கிடந்தது. பின்கதவிலிருந்து சவுனாவுக்குப் பனியில் பெரிய காலும் சின்னக் காலும் போன தடம். புகைபோக்கியில் புகை இல்லை. அவன் அந்த வாரமெல்லாம் இருந்த இருப்புக்கு, நான் நினைக்கக் கூடாததை எல்லாம் நினைத்துக்கொண்டு ஓடினேன்.

கதவைத் திறந்தால், அரையிருட்டில் மேல்பெஞ்சில் இரண்டு பேரும் கோட்டும் கம்பளியுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சைமாவின் குல்லாவில் ஒரு பக்கம் ஓட்டை போட்டு, வில்லை வெளியே தெரிகிறது. காது போட்டிருக்கிறாள்! தைஸ்டோ பேசிக்கொண்டிருக்கிறான். வாயிலிருந்து ஆவி ஆவியாக வருகிறது.

"கதவைச் சாத்துக்கா, குளிர் உள்ள வருது."

"உள்ள மட்டும் என்னடா, வெயிலா அடிக்குது?"

"சூடு இல்லன்னா காதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல. இங்கன்னா எனக்கு வருதுக்கா" என்றான். குழந்தை மாதிரி சொன்னான். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று அழுதேன்.

அன்றிலிருந்து தினம் மதியம், அடுப்பு மூட்டாத சவுனாவில்தான் இருவரும். குளிருக்கு பேட்டரி பட்டென்று தீர்ந்துபோகும். கையிடுக்கில் மாற்று பேட்டரியை வைத்துச் சூடாக்கிக்கொண்டே பேசுவான். மரச் சுவர் எதிரொலி இல்லாதது, வேறு சத்தமும் இல்லை, கேட்கப் பழக இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றார் ரெனே. அங்கே இருப்பதை எல்லாம் சொன்னான். வாளி, கரண்டி, கல், விறகு, பெஞ்ச். வாளியில் பனி. பனியில் கை. அவன் வண்டி, அதன் தகடு, அது எழுப்பும் சத்தம். சொன்னதையே சொன்னான். தொண்டை கட்டி, தேன் குடித்துவிட்டுச் சொன்னான். ஒரு மாசம் அவள் அவன் வாயைப் பார்த்தாள், அவ்வளவுதான். இரண்டாவது மாசமும் அதே. ஒருநாள் வெளியே வந்தவன், என்னைத் தாண்டிப் போய்ப் பனியில் மண்டியிட்டு, "சுவத்துகிட்ட பேசினாலும் திரும்பக் கேக்கும்க்கா" என்று தலையில் அடித்துக்கொண்டான். மறுநாள் மதியம் மறுபடி போனான்.

ஏப்ரலில், 'வாளி' என்றதும் சைமா வாளியைப் பார்த்தாள். நாங்கள் நம்பவில்லை. திரும்பச் சொன்னான், திரும்பப் பார்த்தாள். மே மாசம், 'விறகு' என்றால் ஒரு சுள்ளி கொண்டுவந்து கொடுத்தாள். காரினா வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் ரொட்டி வாங்கிக் கொடுத்தாள். அப்படி ஒரு நம்பிக்கையோடுதான் ஜூனில் நகரத்துக்குப் போனோம், நான் உள்பட நாலு பேரும்.

சோதனை அறையில் சைமாவின் முன்னால் படங்களைப் பரப்பினார்கள். ஒரு பெண், வாயை மறைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "யானை எங்கே? பலூன் எங்கே? கிரீடம் எங்கே?" சைமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரயில்? வாழைப்பழம்? குடை?" ஒன்றுமில்லை. பக்கம் பக்கமாகத் திருப்பினார்கள், ஒன்றுமே இல்லை. காரினா என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார்.

தைஸ்டோ எழுந்தான். "நான் ஒண்ணு கேக்கட்டுமா?"

"அது கணக்குல வராது, தைஸ்டோ."

"வரவேணாம்."

சைமாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டான். அத்தனை பேர் முன்னால், வெளிச்சத்தில், கோட்டு இல்லாமல், என் தம்பி பேசினான். "சைமா. வாளி எங்க?"

சைமா நாற்காலியிலிருந்து இறங்கினாள். மூலையில் விளையாட்டுச் சாமான்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வாளி கிடந்தது. தூக்கிக்கொண்டு வந்து அவனிடம் கொடுத்தாள்.

"கல்லு எங்கம்மா?"

அவள் அறை முழுக்கத் தேடினாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அங்கே ஏது கல்? திரும்பி வந்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "இது பெரிய விஷயம்" என்றார். "நிஜமாவே பெரிய விஷயம்."

தைஸ்டோவுக்குச் சந்தோஷம் வரவில்லை. முகம் வெளுத்துப் போனது. "அப்ப... நான் சொன்னதெல்லாம் அவகிட்ட இருக்கு. நான் சொல்லாதது எதுவும் இல்ல." யானைப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். "யானையைப் பத்தி நான் பேசவே இல்லையே. சவுனாவுல ஏது யானை? அவ வயசுப் பிள்ளைக்கு எத்தனை வார்த்தை தெரிஞ்சிருக்கும்?"

"ஆயிரக்கணக்குல" என்றார் டாக்டரம்மா. பொய் சொல்லத் தெரியாதவர். "இன்னும் ஆறு மாசம் பார்க்கலாம். எட்டிப் பிடிச்சுடுவான்னு நான் உறுதி குடுக்க மாட்டேன். நீங்க பிந்தி வந்தீங்க. அதுக்கப்புறமும் வருஷம் போயிடுச்சு. கைமொழியையும் சேர்த்து ஆரம்பிங்க, காத்திருக்காதீங்க." அவன் குழந்தைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தான். அத்தனை பெரிய உடம்பு அதில் குறுகிப் போய் இருந்தது.

திரும்பும் வழியில் நகரத்தைத் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினான். ஓடும் வண்டி இரைச்சலில் அவளுக்குப் பேச்சு விளங்காது. இஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே கை காட்டினான். "பாலம். அதோ பாரு, பாலம். அது மேல லாரி போவுது." கொஞ்ச தூரம் போனான், மறுபடி நிறுத்தினான். "குதிரை. ரெண்டு குதிரை. ஒண்ணு புல்லு திங்குது, ஒண்ணு சும்மா நிக்குது, உங்கப்பன் மாதிரி." மறுபடி நிறுத்தினான். பெட்ரோல் பங்க், கொடி, வேலி, மாடு, தபால் பெட்டி.

"இப்படிப் போனா எப்பத்தான்டா வீடு போய்ச் சேர்றது?" என்றேன்.

"நேரம் இல்லக்கா" என்றான். ஏதோ தீப்பிடித்த வீட்டிலிருந்து சாமானை வெளியே எடுத்துப் போடுகிறவன் மாதிரி பேசினான். குரல் கரகரத்து உடைந்தது. காரினா பின்சீட்டில் சைமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைத் துடைக்கக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு சின்ன ஏரிக்கரையில் நிறுத்தி, படகைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது, சைமா கையை உயர்த்தி மண்டையிலிருந்த வில்லையைப் பிய்த்து மடியில் போட்டாள். களைத்துப் போயிருந்தாள், பாவம். காலையிலிருந்து எத்தனை குரல்! அதை அவளே கழற்றி நாங்கள் பார்த்ததே இல்லை. தைஸ்டோவின் வாய் பாதி வார்த்தையில் நின்றது. காரினா வில்லையை எடுக்கக் கை நீட்டினாள். "விடு" என்றான். முன்பக்கம் திரும்பி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. வண்டிக்குள் ஒரு சத்தம் இல்லை.

வெகுநேரம் கழித்துப் பின்சீட்டில் ஏதோ அசைந்தது. சைமா மடியைத் துழாவி வில்லையை எடுத்தாள். தலைமுடியை விலக்கி, இடம் தெரியாமல் இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாவது முறை தானே ஒட்டவைத்துக்கொண்டாள். ஷூ காலால் அப்பாவின் சீட்டை ஓர் உதை விட்டாள்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"உம்?" என்றாள், மேலே சொல் என்கிற மாதிரி.